உத்தரவாதத்தின் பெயரால் ஒரு மோசடி

புத்தளத்து உப்பளங்களிலும் கல்பிட்டிக் கடலிலும் உழைப்போருக்குக் கையடக்கத் தொலைபேசி என்பது பல மாதச் சேமிப்பின் பயனாகும். பழுதடைந்தால் மாற்றித் தரப்படும் என்ற உத்தரவாதத்தை நம்பியே பலர் விலை கூடிய தொலைபேசிகளை வாங்குகின்றனர். அந்த உத்தரவாதத்தையே களவாடும் மோசடி குறித்து மக்கள் விழிப்படைய வேண்டியுள்ளது.

ஒவ்வொரு தொலைபேசிக்கும் 15 இலக்கங்களைக் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் உண்டு. உத்தரவாதம் பதியப்படுவது பெரும்பாலும் அவ்வெண்ணின் மீதேயாகும். அதைக் கையாளும் ஊழியர் நேர்மையற்றவராயின், பழுதடையாத தொலைபேசியைப் பழுதடைந்ததாகப் பதிந்து, மாற்றீடாக வரும் புதிய கருவியை வெளியே விற்றுவிடலாம். நீர் பட்டதால் உத்தரவாதம் செல்லாது என வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பிவிட்டு, அவரது எண்ணிலேயே கோரிக்கையைச் சமர்ப்பிப்பது இன்னொரு வழி. பின்னர் உரிமையாளர் உண்மையான பழுதுடன் வரும்போது, அவரது உத்தரவாதம் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கும்.

எண்ணை மட்டும் நம்புவதன் ஆபத்தை அமெரிக்க வழக்கொன்று உணர்த்துகின்றது. உண்மையான தொலைபேசிகளின் எண்கள் இடப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட போலி ஐபோன்களை ஆப்பிள் நிறுவனத்திடம் ஒப்படைத்து, அசல் கருவிகளைப் பெற முயன்ற இருவருக்கு 2024இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வெளியாருக்குப் போலிக் கருவி தேவைப்பட்டது. கடையின் உள்ளே இருப்பவருக்கோ எண் ஒன்றே போதுமானது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, ஊழியர் புரியும் நம்பிக்கை மோசடியை 391ஆம் பிரிவில் தனிக்குற்றமாகவே வகுத்துள்ளது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயம் திருக்குர்ஆனில் 83ஆவதாக இடம்பெற்றுள்ளது. பிறர் ஒப்படைத்த பொருள் அமானிதம் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. வாணிபத்தில் நாணயம் காப்பது தமிழரின் மரபு.

எனவே, தொலைபேசியை ஒப்படைக்குமுன் *#06# என அழுத்தி அதன் எண்ணைக் குறித்துக்கொள்வதும், எண்ணும் பழுதின் தன்மையும் திகதியும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறுவதும் அவசியம். மாற்றுக் கருவி கிடைத்தால் அதன் புதிய எண்ணை உத்தரவாத அட்டையில் பதியச் செய்ய வேண்டும். உத்தரவாதம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். உத்தரவாதத்துக்கு இணங்காத பொருட்கள் தொடர்பான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரத்தை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு வழங்கியுள்ளது. அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1977 ஆகும்.

கடை உரிமையாளர்களுக்கும் பொறுப்புண்டு. கோரிக்கையைப் பதிபவரும் புதிய கருவியை விடுவிப்பவரும் வெவ்வேறு நபர்களாக இருத்தல் வேண்டும். பழைய கருவி கைக்கு வந்து, எண் ஒப்பிடப்பட்ட பின்னரே மாற்றீடு வழங்கப்படல் வேண்டும். இவ்வொழுங்கு நேர்மையான ஊழியரை வீண் சந்தேகத்திலிருந்தும் காக்கும். மோசடி பெருகினால் நிறுவனங்கள் விதிகளை இறுக்கும். அதன் சுமை உண்மையான பழுதுடன் வரும் ஏழை வாடிக்கையாளர் மீதே விழும் என்பதை அனைவரும் உணர வேண்டும்.