பலகைச் சுவரின் சந்துகள்

மரப்பலகையும் மரப்பட்டையும் வைத்துக் கட்டிய இரண்டே அறை வீடு. அதன் ஒரு முனையில், வீட்டைவிடப் பெரிதாக ஒரு சமையல்கட்டு. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மாதிரியான காடு. மனித நடமாட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் 19 மைல் போக வேண்டும். அங்கே இருப்பதும் சாலையோரச் சாராயக் கொட்டகை ஒன்றுதான். கணவன் ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அவனிடமிருந்து செய்தி வந்து ஆறு மாதம் ஆகிறது. பொழுது சாயும் வேளையில் ஒரு கறுப்புப் பாம்பு வீட்டுக்கு அடியில் புகுந்துவிடுகிறது.

வீட்டுத் தரை பிளந்த பலகைகளால் ஆனது. பலகைக்குப் பலகை சந்து. எந்தச் சந்து வழியாகவும் பாம்பு மேலே வரலாம். சமையல்கட்டுக்கோ மண்தரை. ஆகவே அந்தத் தாய் நான்கு பிள்ளைகளையும் சமையல்கட்டு மேசைமேல் ஏற்றிப் படுக்க வைக்கிறாள். கையில் ஒரு தடி, காலடியில் நாய். விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள்.

ஹென்றி லாசன் எழுதிய ‘மந்தை ஓட்டியின் மனைவி’ என்ற இந்தச் சிறுகதை, 1892 ஜூலையில் சிட்னியின் ‘புல்லட்டின்’ வார இதழில் வெளியானது. ஆஸ்திரேலியர்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்ட கதைகளில் இது முதல் வரிசையில் நிற்கிறது. 1966இல் அந்த நாடு டாலருக்கு மாறியபோது, முதல் பத்து டாலர் நோட்டில் லாசனின் முகம் அச்சாகியது.

கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. கணவன் தொழிலை வைத்தே அழைக்கப்படுகிறாள். காட்டுத்தீ வந்தபோது கணவனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு தீயோடு போராடியவள் அவள். அவன் இல்லாத நாளில் ஒரு குழந்தை இறந்துபோக, அந்தச் சடலத்தைச் சுமந்துகொண்டு 19 மைல் குதிரையில் போனவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளைச் சீவிச் சிங்காரித்து, பழைய தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துக் காட்டுப் பாதையில் உலாவப் போகிறாள். பார்க்க ஒரு ஆள் இல்லை, போய்ச் சேர ஓர் இடம் இல்லை. ஆனாலும் நகரத்துப் பெண் கடைத்தெருவுக்குக் கிளம்புகிற அதே சிரத்தையோடு கிளம்புகிறாள். தீயையும் வெள்ளத்தையும்விட இந்த உலாதான் மனதைப் பிசைகிறது. வீடு என்ற ஒன்று அங்கே இருக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு வழி இல்லை.

இப்படிப்பட்ட வீடுகள் எப்படி முளைத்தன? 1861இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கொண்டுவந்த நிலச் சட்டங்கள் ஒரு காரணம். 40 முதல் 320 ஏக்கர் வரை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு ஒரு பவுண்டு, அதில் கால்பங்கை முதலில் கட்டினால் போதும். ஆனால் நிலத்தைப் பெற்றவன் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விளைச்சல் கை கொடுக்காதபோது ஆண்கள் மந்தை ஓட்டவும், ஆட்டு ரோமம் கத்தரிக்கவும் கிளம்பிப் போனார்கள். வீட்டைக் காக்கும் பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது. பட்டா அவன் பேரில், காவல் அவள் பேரில்.

லாசனுக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. மட்ஜி ஊருக்கு அருகே யூரண்டரி என்ற இடத்தில் இப்படியொரு குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். தாய் லூயிசா லாசன் அந்த வாழ்க்கையை விட்டு 1883இல் சிட்னிக்கு வந்தார். 1888இல் ‘டான்’ என்ற பெண்கள் இதழைத் தொடங்கி, பெண்களையே அச்சுக் கோக்க வைத்து, ஆண் தொழிலாளர் சங்கத்தின் எதிர்ப்பையும் தாங்கி 1905 வரை நடத்தினார். மகன் கதையில் அந்தப் பெண் பலகை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். தாயோ எழுந்து வெளியே வந்துவிட்டார்.

லாசன் கதையில் ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. பாம்பு, தீ, வெள்ளம், வழிப்போக்கன். கணவன் கொஞ்சம் கவனக்குறைவானவன், மற்றபடி நல்லவன். அதே ‘புல்லட்டின்’ இதழில் நான்கு ஆண்டுகள் கழித்து, 1896 டிசம்பரில், பார்பரா பேண்டன் என்ற பெண் எழுதிய கதை வந்தது. அவருடைய முதல் கணவரும் காட்டுப்புறத்தில் நிலம் வாங்கியவர்தான். மனைவியை விட்டு வேறொரு பெண்ணோடு போய்விட்டவர். பேண்டன் 1890இல் விவாகரத்து பெற்றார்.

பேண்டன் கதையிலும் அதே தனி வீடு, அதே பலகைச் சுவர், கைக்குழந்தையோடு ஓர் இளம் தாய். கணவன் 15 மைல் தள்ளி ரோமம் கத்தரிக்கப் போயிருக்கிறான். தனியாக இருக்கப் பயம் என்று அவள் சொன்னால் ஏளனம் செய்பவன். பகலில் வந்த ஒரு நாடோடி இரவில் திரும்பி வருவான் என்று அவளுக்குத் தெரிகிறது. சமையல்கட்டு மேசையில் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். பக்கத்தில், தன்னிடம் இருக்கும் ஒரே விலையுள்ள பொருளான தாயின் மார்புப் பதக்கத்தையும் வைக்கிறாள். எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்ற நம்பிக்கை. பிறகு கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, குழந்தையை அணைத்தபடி கிடக்கிறாள். வெளியே அவன் சுவரைச் சுற்றி வருகிறான். ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்க்கிறான். காய்ந்து சுருங்கிய பலகை ஒன்று ஆப்பு ஒன்றின் பலத்தில் நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

குதிரைக் குளம்பொலி கேட்டதும் அலறிக்கொண்டு ஓடுகிறாள். குதிரையில் போகிறவன், வெள்ளை உடையில் குழந்தையோடு ஓடிவரும் அவளைக் கன்னி மேரியின் தரிசனம் என்று நினைத்து, பக்திப் பரவசத்தோடு போய்விடுகிறான். அவள் கொல்லப்படுகிறாள்.

புல்லட்டின் ஆசிரியர் அந்தக் குதிரைக்காரன் வரும் பகுதியை வெட்டிவிட்டு, ‘நாடோடி’ என்ற பொருள்படும் தலைப்பில் கதையை வெளியிட்டார். வெட்டிய பிறகு மிஞ்சியது, ஒரு கெட்டவன் ஒரு பெண்ணைக் கொன்ற கதை. வெட்டப்பட்ட பகுதியில்தான் குற்றச்சாட்டே இருக்கிறது. ஏளனம் செய்த கணவன், சுவரைத் தடவியவன், அவளைத் தெய்வமாகப் பார்த்ததால் மனுஷியாகப் பார்க்கத் தவறியவன், மூவரும் சேர்ந்துதான் அவளைக் கைவிட்டார்கள். முழுக் கதையும் 1902இல் லண்டனில் வெளியான பேண்டனின் தொகுப்பில்தான் வந்தது. அதே 1902இல்தான் ஆஸ்திரேலிய வெள்ளைப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. பூர்வகுடிகளில் மிகப் பெரும்பாலோரை அந்தச் சட்டம் ஒதுக்கி வைத்தது.

நியூசிலாந்தின் கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் 1912இல் வெளியிட்ட ‘கடைக்காரப் பெண்’ கதையில் சுவரே சாட்சி சொல்கிறது. வண்டிப் போக்குவரத்து நின்றுபோன வழியில் ஒரு கடை. சுவர் முழுக்க இங்கிலாந்துப் பத்திரிகைத் தாள்கள். அவற்றில் ஆகப் புதியது விக்டோரியா மகாராணியின் ஆட்சி விழா இதழ். பல கருச்சிதைவுகளைக் கண்ட, அழகிழந்த ஒரு பெண் அங்கே பிள்ளையோடு இருக்கிறாள். கணவன் வெளியூர் போயிருக்கிறான் என்று வந்தவர்களிடம் சொல்கிறாள். இரவில் அந்தப் பிள்ளை வரைந்து காட்டும் படத்தில், தாய் ஒரு ஆணைச் சுட்டுக் குழியில் புதைக்கிறாள்.

இத்தனை வீடுகளும் நிற்கும் மண் யாருடையது?

மட்ஜி வட்டாரம் விராஜுரி மக்களின் நிலம். 1824இல் அவர்கள் எதிர்த்து நின்றபோது, ஆளுநர் பிரிஸ்பேன் நீல மலைகளுக்கு மேற்கே இராணுவச் சட்டத்தை அறிவித்தார். பலர் கொல்லப்பட்டார்கள். லாசன் பிறந்தது அதற்கு 43 ஆண்டுகள் கழித்து. அவர் கதையில் பூர்வகுடிகள் ஓரிரு இடங்களில் வந்து போகிறார்கள். பிரசவ நேரத்தில் உதவிக்கு வந்து அந்தத் தாயைக் காப்பாற்றியவள் ஒரு பூர்வகுடிப் பெண். அவளுக்குச் சில வரிகள்தான். விறகு அடுக்கித் தந்த பூர்வகுடி ஆள், உள்ளே பொள்ளலாக அடுக்கி ஏமாற்றிவிட்டான் என்று கதை சொல்கிறது. நிலத்தைப் பறிகொடுத்தவன் ஏமாற்றுக்காரன் ஆகிவிட்டான். இது லாசனின் பெரிய சறுக்கல். அவர் மீதுள்ள அபிமானத்தால் மூடி மறைக்கத் தக்கதும் இல்லை. பேண்டன் கதையிலோ அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. பெண்ணின் பயத்தை அவ்வளவு துல்லியமாகக் கேட்ட காதுக்கு, மண்ணைப் பறிகொடுத்தவர்களின் குரல் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர் டோரிஸ் லெஸ்ஸிங். ஐந்து வயதில் ஆப்பிரிக்காவில் தெற்கு ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சோளப் பண்ணைக்கு வந்தவர். 1951இல் வந்த அவரது முதல் தொகுப்பில் உள்ள ‘கிழத் தலைவர் ம்ஷ்லங்கா’ கதையில், துப்பாக்கியும் நாய்களுமாகத் திரியும் வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி, தன் பண்ணை வேறொருவரின் நாடு என்று மெல்லத் தெரிந்துகொள்கிறாள். அவள் வீட்டுச் சமையல்காரன்தான் அந்தத் தலைவரின் மகன். ஆடுகள் பயிரை மேய்ந்த தகராறில், தலைவரின் மக்கள் முழுவதும் 200 மைல் கிழக்கே பெயர்க்கப்படுகிறார்கள். லாசன் கதையில் பெண் உள்ளே, ஆபத்து வெளியே. இங்கே உள்ளே இருப்பவர்களே ஆபத்து.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்கைத் தீர்க்க வந்தவர் லியா பர்செல் என்ற பூர்வகுடிக் கலைஞர். சிறுவயதில் அவருடைய தாய் அவருக்குப் படித்துக் காட்டிய கதை ‘மந்தை ஓட்டியின் மனைவி’. 2016இல் அதை நாடகமாக மாற்றி எழுதி, தானே நடித்தார்; பிறகு நாவலாகவும் திரைப்படமாகவும் ஆக்கினார். அவர் கதையில் அந்தப் பெண்ணுக்கு மோலி ஜான்சன் என்று பெயர் உண்டு. அவளை அடிப்பவன் கணவன். வாசலில் வந்து நிற்கும் பூர்வகுடி ஆண் யடாக்கா, அவள் மூத்த மகனுக்குத் துணையாகிறான். அவள் உடம்பில் ஓடுவதும் பூர்வகுடி ரத்தம்தான் என்று அவளுக்கே பிறகு தெரியவருகிறது.

லாசனையும் பேண்டனையும் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே இரவில் அடுத்தடுத்துப் படியுங்கள். லாசனை முடித்ததும், பிரசவத்துக்கு உதவ வந்த அந்தப் பூர்வகுடிப் பெண் வரும் பத்திக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள்.