செல்போனுக்கு வரி, நெல்லுக்கு வரம்பு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் பல வீடுகளில் அப்பா நெல் மூட்டைகளுடன் கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கிறார். மகள் செல்போன் ஆலைக்கு ஷிப்ட் பேருந்தில் போகிறாள். இருவர் பிழைப்பையும் தொடுகின்றன, உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தங்கள்.

1997-ல் இந்தியா தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கணினி, தொலைபேசிக் கருவிகளுக்கு இறக்குமதி வரி கூடாது என்பது அதன் விதி. இதனால் உள்நாட்டுத் தயாரிப்பு நசிந்தது என்று மத்திய அரசே பின்னர் சொன்னது. 2017-ல் செல்போனுக்கு 10 சதவீத வரி போட்டு, 2018-ல் 20 ஆக உயர்த்தியது. இன்றைய ஸ்மார்ட்போன் பழைய ஒப்பந்தத்தில் அடங்காது என்பது அதன் வாதம். ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், தைவான் வழக்குப் போட்டன. 2023 ஏப்ரலில் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக வந்தது. ஜப்பான் வழக்கில் இந்தியா மேல்முறையீடு செய்தது. ஆனால் உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால், மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரிலேயே முடங்கிவிட்டது. வரியை நீக்க எழுதிய விதி, நாடுகளை விதியைச் சுற்றிப் போகவே பழக்கியது.

நெல்லிலும் இதே கதைதான். விளைச்சல் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் விலை ஆதரவு கூடாது என்கிறது வேளாண் ஒப்பந்தம். ஒப்பிடும் விலையோ 1986–88 காலத்தது! 2018–19-ல் அரிசிக்கு இந்த வரம்பைத் தாண்டிய இந்தியா, 2013 பாலி மாநாடு தந்த விலக்கைப் பயன்படுத்தியது. பணக்கார நாடுகளோ மானியத்தை வரம்பில்லாத தலைப்புகளுக்கு மாற்றிக்கொண்டன.

கொள்முதல் விலையை உயர்த்தக் கேட்கும் விவசாயச் சங்கங்கள், அந்தப் பழைய விலைக் கணக்கை மாற்றவும் சேர்த்தே கேட்க வேண்டும்.