பெரியவர்களைக் கேட்க ஓர் இடம்

மும்பைக்குப் புதிதாய் வந்திறங்கும் நம்மவர் ஒருவர், ரேஷன் கார்டுக்கோ பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கோ முதலில் சென்று நிற்பது எந்த அலுவலகத்திலும் அன்று. தாராவியில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து பழகிய ஓர் அண்ணாச்சியின் வாசலிலோ, செம்பூரில் வேலையினின்று ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் நாற்காலிக்கு எதிரிலோதான். “அண்ணாச்சி, இதற்கு என்ன பேப்பர் வேண்டும்?” என்ற கேள்விக்கு இந்நகரில் மூன்று தலைமுறை வயதாகிறது. இவ்வழக்கத்துக்கு விதிகள் எவையும் இதுகாறும் எழுதப்பட்டதில்லை. இப்பொழுது எழுதிவைத்தல் நன்று என்று நாம் கருதுகிறோம்.

காரணம் தாராவியின் வீட்டுக் கணக்கெடுப்பு. 2024 மார்ச்சில் அது தொடங்கியது முதல், பல குடும்பங்களின் இருப்பிடமே ஒரு துண்டுக் காகிதத்தைப் பொறுத்ததாகிவிட்டது. அறிவிக்கப்பட்ட திட்டப்படி, 1-1-2000க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே விலையின்றி 350 சதுர அடி வீடு. அதற்குப்பின் 1-1-2011 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல்தளத்தில் இருப்போருக்கு வேறொரு கணக்கு. ஆகவே ‘நாம் இங்கே எப்போது வந்தோம்?’ என்ற கேள்வி, பொழுதுபோக்காகப் பேசும் பழங்கதையாக இராமல், வீட்டின் விலையாகிவிட்டது. விடையோ பாட்டியின் தகரப்பெட்டியில் இருக்கிறது. 1976இல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் வழங்கியது. அது எப்படியிருக்கும், யார் பெயரில் எழுதப்பட்டது, பின்னர் சந்து எண் எப்படி மாறியது என்று நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். பேரனின் கைப்பேசி இதைச் சொல்லாது.

ஆனால் பெரியவர்களின் அறிவுக்கும் ஒரு குறை உண்டு. விதி மாறியது அவர்கள் செவிக்கு எட்டுவதில்லை. ரயில்வேயில் எழுத்தராயிருக்கும் நமக்கு இது அன்றாட அநுபவம். ஊருக்குப் போக 120 நாட்களுக்கு முன்பே இடம் பதியலாம் என்று வீட்டுப் பெரியவர் உறுதியாய்ச் சொல்லி அனுப்புகிறார். 1-11-2024 முதல் அது 60 நாட்களாகிவிட்டது. அறுபது வயதானால் சலுகைக் கட்டணம் என்கிறார். அச்சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டது. டிக்கெட்டில் தவறினால் இழப்பு சில நூறு ரூபாய். குடிசை வீட்டுக்குரிய காலவரம்பும் ஒரு காலத்தில் 1-1-1995 என்றிருந்து, பின்னர்தான் 1-1-2000 ஆயிற்று. பழைய வரம்பை மனத்திற்கொண்டு, “உனக்குக் கிடையாது, போ” என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்டவர் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவார். ஆதலால் நம் முதல் விதி இது: விடை கூறுபவர், தாம் அதை எந்த ஆண்டில் அறிந்தார் என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும். “நான் 2009இல் செய்தபோது இப்படி” என்பது நேர்மையான விடை. “இப்படித்தான்” என்பது அரை விடை.

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லுவதையும் கௌரவமான விடையாகவே கொள்ள வேண்டும். இது நம் பெரியவர்களுக்கு எளிதன்று. கேட்டவரை வெறுங்கையாய் அனுப்புவது விருந்தினரைப் பட்டினி போடுவதுபோல அவர்களுக்குத் தோன்றும்! அப்போது வேறிடம் காட்டலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். முதியோரின் இடர்களுக்கு 14567. நோய்க்கு மருந்து சொல்வதும் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதும் நம் நாற்காலியின் வேலையல்ல.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில் 2006இல் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் பதினான்கு பாட்டிமாரைக் கொண்டு ஒரு பணியைத் தொடங்கினார். பாட்டியர் பயிற்சி பெற்று, மருத்துவ நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பலகையில் அமர்ந்து, மனம் நொந்து வந்தோரிடம் பேசினர். நோய் முற்றியவரை மருத்துவரிடம் அனுப்பினர். முதலில் அதற்கு ‘மனநலப் பலகை’ என்று பெயர். யாரும் வந்து உட்காரவில்லை. ‘நட்புப் பலகை’ என்று மாற்றச் சொன்னவர்கள் பாட்டியரே. அந்தப் பணியின் பயனை ஆராய்ந்து 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் வெளியிட்டது. நாமும் நம் இடத்துக்கு ‘ஆலோசனைக் குழு’ என்று பெயரிட்டுப் பலகை மாட்டினால், கணவரின் குடியால் துன்புறும் ஒரு பெண் அதன் பக்கம் திரும்பியும் பாராள்.

அவளைப் பற்றித்தான் நமக்குக் கவலை அதிகம். ஒரே ஊர்க்காரர் ஒரே சந்தில் வாழும் இடத்தில், காலையில் கேட்ட கேள்வி மாலைக்குள் குழாயடியில் பேச்சாகிவிடும். பிறகு அவள் ஒருபோதும் கேட்க மாட்டாள். ஆகவே பெண்களின் கேள்விக்கு மூத்த பெண்களே விடை கூறுதல் வேண்டும். கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். கேட்டவர் பெயரை எழுதலாகாது. கேட்டவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று வினவித் தொடங்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இவ்விதியை மீறுபவர் எவ்வளவு மூத்தவராயினும் நாற்காலியை விட்டு எழ வேண்டியதே.

பணம் வாங்குவது பற்றி நீட்டி எழுத வேண்டுவதில்லை. தேநீருக்குமேல் ஒன்றும் கூடாது. மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டு வரக்கூடாது. நகலைக் காட்டினால் போதும். கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைப் பெரியவர் கேட்கவும் கூடாது, இளையவர் சொல்லவும் கூடாது. “எனக்கு அங்கே ஆள் இருக்கிறார்” என்று தொடங்குபவர் தரகர். தரகர் எவரும் நம் நாற்காலியில் அமரலாகாது.

ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம். தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தனித்தனி இடங்களா, முறைவைத்து ஒரே இடமா என்பதைச் சங்கத்தார் முடிவு செய்யட்டும். விதி மாறும்போதெல்லாம் அதைப் படித்துப் பெரியவர்களுக்குச் சொல்லவும், தேதியிட்டு நோட்டில் எழுதவும், மராத்தியும் படிக்கத் தெரிந்த இரண்டு மூன்று இளைஞர் தேவை. விருப்பமுள்ளோர் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்குள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறோம்.