கோடியக்கரையில் ஒரு நாள்: பறவையை விரட்டாமல் படம் எடுப்பது எப்படி?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கோடியக்கரைக்குப் போனால் கேமராவுக்குச் செம வேட்டை. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை இது. 1967-ல் சரணாலயமானது, 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரை, ஆலா, உள்ளான் எனக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

ஏன் இங்கே வருகின்றன?

குளிர்காலத்தில் வடதுருவப் பக்கம் நிலம் உறைந்துவிடும்; இரை கிடைக்காது. இங்குள்ள சேற்று நிலத்திலோ புழு, பூச்சி, சிறு நத்தைகள் ஏராளம். கைக்குள் அடங்கும் கொசு உள்ளான் பல ஆயிரம் கி.மீ. பறந்து வருவது அதற்காகத்தான். பெரும்பாலும் 30 கிராம்கூட எடை இருக்காது!

கை தட்டினால் என்ன ஆகும்?

திரும்பிப் போகத் தேவையான கொழுப்பைப் பறவைகள் இங்கேதான் சேர்க்க வேண்டும். 'பறக்கிற ஷாட் வேணும்' என்று ஒருவர் கை தட்டினால் மொத்தக் கூட்டமும் எழும்பும். இரை தேடும் நேரமும் போச்சு, சேர்த்த கொழுப்பும் போச்சு.

அப்போ எப்படி எடுப்பது?

* விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழட்டும்.
* நிற்காமல், தாழ உட்காருங்கள். பறவையின் கண் மட்டத்தில் எடுத்தால் படம் அள்ளும்.
* இரை தேடும் பறவை சட்டென்று தலை தூக்கிப் பார்க்கிறதா? அதுதான் எல்லை. ஓரடிகூட முன்னே போக வேண்டாம்.
* போன் மட்டும்தான் இருக்கிறதா? பைனாகுலரில் கண் வைக்கும் இடத்தில் போன் கேமராவை ஒட்டிப் பிடியுங்கள்.
* டிரோன் வேண்டவே வேண்டாம்.

காத்திருந்தால் பறவைகள் தாமாகவே பறக்கும். அந்த ஷாட்டுக்குத்தான் மவுசு.