அகதிகளின் செபமும் ஒரு குருவானவரின் விசுவாசமும்

ஊரை விட்டு வெளிக்கிடும்போது எம்மால் எதைக் கொண்டுசெல்ல முடிகிறது? வயலைக் கொண்டுசெல்ல முடியாது. கிணற்றையும், மாட்டையும், அறுத்து வைத்த நெல்லையும் கொண்டுசெல்ல முடியாது. கோவிலும் சுரூபங்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. செபம் மட்டும் கூட வருகிறது. ஆனால் கோவில் மணியும், திருநாளும், பங்குக் குருவானவரும் இல்லாத இடத்தில் அந்தச் செபம் எத்தனை நாளைக்கு நிலைக்கும்? இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் பல கேட்கும் கேள்வி இது. நாட்டை இழந்த பௌத்த அகதிகளிடையே சென்று, தன் கிறிஸ்தவ விசுவாசத்தில் புதுத் தெம்பு பெற்ற ஒரு துறவியின் வரலாறு இதற்கு ஓரளவு விடை தருகிறது.

யார் இவர்?

தோமஸ் மேர்ட்டன் 1915இல் பிரான்சில் பிறந்தவர். 1941 டிசம்பர் 10ஆம் திகதி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கெத்சமனி துறவற மடத்தில் சேர்ந்தார். அது மௌனமும் செபமும் உடல் உழைப்பும் கொண்ட ட்ராப்பிஸ்ட் சபையின் மடம். அங்கே அவர் இருபத்தேழு வருடங்கள் வாழ்ந்து, குருவானவராகவும் எழுத்தாளராகவும் ஆனார். ஆசியாவின் துறவிகள் எவ்வாறு செபிக்கிறார்கள் என்பதை நேரில் அறிய விரும்பி, 1968 ஒக்டோபரில் தன் மேலதிகாரியின் அனுமதியுடன் இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

திபெத்திய அகதிகள்

1959இல் தலாய் லாமா திபெத்திலிருந்து இந்தியாவுக்குத் தப்பி வந்தார். பல்லாயிரக்கணக்கான மக்கள் பனிமலைகளைக் கடந்து அவரைப் பின்தொடர்ந்தார்கள். பார்லி விதைத்தவர்களும் யாக் மாடு மேய்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வந்த புதிதில் பலர் மலைநாட்டு வீதி வேலைகளில் கல்லுடைத்தார்கள். தெற்கே பைலகுப்பேயில் மைசூர் அரசு ஏறத்தாழ 3000 ஏக்கர் காட்டு நிலத்தைக் கொடுத்தது. குளிர்நாட்டுக் கமக்காரர் வெயிலிலும் நோயிலும் வாடி, அந்தக் காட்டை வெட்டிச் சோளம் பயிரிட்டார்கள். திபெத்தில் இழந்த செரா மடமும் பின்னர் அங்கேயே மீண்டும் எழுந்தது.

மேர்ட்டன் பைலகுப்பேக்குப் போகவில்லை. வடக்கே தலாய் லாமா வாழும் தர்மசாலாவுக்கு 1968 நவம்பர் தொடக்கத்தில் சென்று ஒரு வாரமளவு தங்கினார்.

மலையில் கண்டது

தர்மசாலாவில் திபெத்தியரின் செபம் வீதியிலேயே நடக்கும். நடந்தபடியே கையில் 108 மணி கொண்ட மாலையை உருட்டுவார்கள். மந்திரம் எழுதிய தாள் சுருட்டி வைத்த சிறு உருளையைச் சுழற்றியபடி கிழவிகள் போவார்கள். அவர்களுக்கு மந்திரம் வேலைக்கு இடையூறல்ல. வேலையோடு சேர்ந்தே அது ஓடும். குகைகளிலும் குடிசைகளிலும் தனித்துத் தியானிக்கும் துறவிகளையும் மேர்ட்டன் சந்தித்தார்.

தலாய் லாமாவை மூன்று முறை கண்டு பேசினார். அப்போது தலாய் லாமாவுக்கு முப்பத்துமூன்று வயது. மேலைநாட்டுத் துறவிகளின் வார்த்தைப்பாடு மடத்தில் சாகும்வரை இருப்பதற்கான வாக்குறுதி மட்டும்தானா, அல்லது உள்ளம் மாறுவதற்கான வழியா என்று அவர் கேட்டார். நெஞ்சைத் தொடும் கேள்வி இது. மேர்ட்டனைக் கண்ட பின்னரே கிறிஸ்தவர் என்ற சொல்லின் பொருளைத் தாம் உணர்ந்ததாகத் தலாய் லாமா பின்னாளில் எழுதினார்.

நவம்பர் 9ஆம் திகதி புதுடில்லியிலிருந்து மேர்ட்டன் தன் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் புதிய நண்பர்களிடையே இருக்கும்போது, கிறிஸ்துவில் தனக்குள்ள விசுவாசத்திலும் அவர் தன்னுள் வாழ்கிறார் என்பதிலும் ஆறுதல் பெறுவதாக அதில் தெரிவித்தார். அவர் பௌத்தராக மாறவில்லை, குருவானவராகவே இருந்தார். பிறருடைய பக்தியைக் கண்டதனால் தன் பக்தியின் வேர் எங்கே என்று தெளிந்துகொண்டார்.

பொலநறுவையில்

பின்னர் மேர்ட்டன் சென்னைக்கு வந்து புனித தோமையார் மலையைத் தரிசித்தார். அங்கிருந்து இலங்கைக்கு வந்தார். டிசம்பர் தொடக்கத்தில் பொலநறுவையின் கல் விகாரைக்குப் போனார். 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் காலத்தில் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட சிலைகள் அவை. கூட வந்த குருவானவர் அவற்றை நெருங்க விரும்பாமல் ஒரு மரத்தின்கீழ் இருந்து வழிகாட்டி நூலை வாசித்தார். மேர்ட்டன் சப்பாத்தைக் கழற்றி, ஈரப் புல்லில் வெறுங்காலுடன் சென்றார். அச் சிலைகளின் அமைதி தன் மனக்குழப்பங்களைத் தெளிவித்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார்.

புத்தர் சிலை என்றதும் எம்மில் பலருக்கு மனம் கசக்கலாம். அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆயினும் ஒரு சமயத்தின் பெயரால் அதிகாரம் செய்வது வேறு, அச் சமயத்தில் ஓர் ஏழை செய்யும் செபம் வேறு. காணியைப் பறிகொடுத்த திபெத்தியத் தாய் மாலையை உருட்டும்போது அவளும் எம்மைப் போன்ற ஓர் அகதியே.

சொந்தக் காலில் நிற்றல்

டிசம்பர் 10ஆம் திகதி காலை, பாங்கொக் நகருக்கு அருகே துறவிகளின் மாநாட்டில் மேர்ட்டன் பேசினார். தப்பியோட நேர்ந்த ஒரு திபெத்திய லாமாவின் கதையை அங்கே சொன்னார். இனி என்ன செய்வது என்று கேட்டு அந்த லாமா பக்கத்து மடாதிபதிக்கு ஆள் அனுப்பினார். இனிமேல் ஒவ்வொருவரும் தத்தம் காலிலேயே நிற்க வேண்டும் என்பதே கிடைத்த பதில். கட்டடங்களும் அமைப்புகளும் நல்லவை. ஆனால் அவை ஒரே நாளில் பறிபோகலாம், அப்போதும் நிற்கக்கூடியதே உண்மையான துறவு என்று மேர்ட்டன் விளக்கினார்.

அன்று பிற்பகல் பழுதான மின்விசிறி ஒன்று மேலே கிடக்க, அவர் இறந்து காணப்பட்டார். மடத்தில் சேர்ந்து சரியாக இருபத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன.

எமக்கு

சொந்தக் காலில் நிற்பதென்றால் தனித்து நிற்பதல்ல. திபெத்தியர் ஒன்றாகவே காடு வெட்டினார்கள், ஒன்றாகவே மந்திரம் சொன்னார்கள். குருவானவர் வர முடியாத வாரத்தில் நான்கு குடும்பங்கள் ஒரு கொட்டிலில் கூடிச் செபமாலை சொல்லலாம். தண்ணீர் அள்ளும்போதும் களை பிடுங்கும்போதும் ஒரு சிறு மன்றாட்டை மனதில் ஓடவிடலாம். பக்கத்துக் கொட்டிலில் தேவாரம் கேட்டால், அந்நேரம் வானொலியைக் குறைத்துவிடலாம். விதைநெல்லைப் பத்திரப்படுத்தியவன் அடுத்த மழைக்கு விதைப்பான். செபமும் அப்படிப் பத்திரப்படுத்த வேண்டிய ஒன்றே.

குழுவாகச் சிந்திக்க

1. ஊரில் செய்த எந்தச் செபப் பழக்கம் இன்னும் எமது குடும்பத்தில் இருக்கிறது? எது விடுபட்டது?

2. வேறு சமயத்தவர் ஒருவரின் பக்தியைக் கண்டு நாம் நெகிழ்ந்தது உண்டா?

3. குருவானவர் இல்லாத வாரத்தில் எமது குழுவில் செபத்தை யார் தொடங்கி வைப்பார்?