பாக்கெட் எண்ணெய் எத்தனை லிட்டர்?

சாலாக் செலாத்தான் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் நாத்தனார் இங்குள்ள எண்ணெய்ப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் ஊரில் லிட்டர், உங்கள் ஊரில் கிலோ, எது லாபம் அண்ணி?’ என்கிறார். என்ன சொல்வது?”

சுருக்கமான பதில் இதோ. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் செம்பனை எண்ணெய் ஏறத்தாழ 905 கிராம் இருக்கும். உதவித்தொகை பெற்ற 2 வெள்ளி 50 காசு பாக்கெட்டில் உள்ள 1 கிலோவை அளந்து ஊற்றினால் 1.1 லிட்டர் வரும். நாத்தனாரின் லிட்டரைவிட நூறு மில்லி கூடுதல். ஆனால் ‘நம் ஊர் வெயிலில்’ என்று ஒரு வாலை ஒட்டினேனே, விஷயம் முழுக்க அந்த வாலில்தான் இருக்கிறது.

2022 ஆகஸ்டில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது: லிட்டர் அளவோடு வெப்பநிலையைப் போடாதீர்கள், எடையையும் சேர்த்து அச்சிடுங்கள். காரணம் சுவையானது. சிலர் 60 டிகிரி வெப்பநிலையில் இத்தனை லிட்டர் என்று போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டு அலமாரியில் 60 டிகிரி அடிக்கிறது? ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். உறையில் பொய் ஒன்றும் இல்லை, உள்ளே 26 கிராம் மட்டும் இல்லை.

சூடானால் விரியும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஏன் விரிய வேண்டும்? மூலக்கூறுகள் வேகமாக ஆடுகின்றன, சரி. முன்னே போன அளவுக்குப் பின்னே வந்தால் சராசரி தூரம் மாறாதே! மாறுகிறது. ஆட்டம் ஓரவஞ்சனை கொண்டது. இரண்டு மூலக்கூறுகள் மேலும் நெருங்கப் பார்த்தால் விலக்கு விசை சடாரென்று எகிறுகிறது. விலகப் பார்த்தால் கவர்ச்சி விசை சோம்பலாகத்தான் இழுக்கிறது. ஆட்டம் கூடக்கூட, சராசரி தூரம் வெளிப்பக்கமாகவே நகர்கிறது. இந்த ஓரவஞ்சனை இல்லாவிட்டால் வெப்பமானியில் பாதரசம் ஏறாது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிக்காரர்கள் நிற்கும்போது ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். உறுமி வேகமெடுத்து ஆட ஆரம்பித்தால்? அடுத்தவர் காவடிக்குள் நுழைய முடியாது, விலகத் தடையில்லை. அதே நூறு பேர் இப்போது சாலையை அடைத்துக்கொள்கிறார்கள். தலையை எண்ணுபவரின் கணக்கு மாறவில்லை, அது நிறை. கயிறு பிடிக்கும் தொண்டர் திண்டாடுகிறார், அவர் பார்ப்பது கன அளவு. தண்ணீர், கைகோத்து ஆடும் கூட்டம். நம் ஊர் வெப்பத்தில் டிகிரிக்கு 0.03 சதவீதம்தான் விரிகிறது. எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு இல்லை, 0.07 சதவீதம். உறுமி ஓய்ந்ததும் களைத்து உட்காருபவர்கள்தான் குளிர்பெட்டியில் வைத்த செம்பனை எண்ணெயில் தெரியும் கலங்கல். (பால்குடம் எது என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம்.)

0.07 சதவீதமா, அற்பம் என்று தோன்றலாம். கப்பலில் ஏறும் செம்பனை எண்ணெயைத் தராசில் வைக்க முடியாது. கப்பல் தொட்டியில் நாடா இறக்கி மட்டம் பார்த்து, வெப்பநிலை பார்த்து, கன அளவை அடர்த்தியால் பெருக்கித்தான் டன் கணக்குப் போடுகிறார்கள். உறைந்துவிடாமலிருக்கச் சூடாக்கியே இறக்க வேண்டிய சரக்கு அது, 50 டிகிரிக்கு மேல் இருக்கும். 10,000 டன் சரக்கில் வெப்பமானி ஒரு டிகிரி பிசகினால் ஏழு டன் காகிதத்தில் மாயமாகும்.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றுக்கு எரிபொருள் நிரப்பியவர்கள், லிட்டரை எடையாக்க 0.8 கிலோவுக்குப் பதில் 1.77 பவுண்டு என்ற எண்ணைப் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிகூட இல்லாமல் கிளம்பிய விமானம் நடுவானில் எஞ்சின் நின்று, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் மிதந்தே வந்து இறங்கியது. எல்லாரும் பிழைத்தார்கள். போதும்.

சூடானால் விரியும் என்ற அதே அறிவியலை வைத்து, ‘அதிகாலையில் பெட்ரோல் போடுங்கள், அடர்த்தி அதிகம், லாபம் அதிகம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பெட்ரோல் டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் விரியும் என்பது உண்மை. ஆனால் நிலையத்தின் தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது, விடியலும் மதியமும் அதற்கு ஒன்றுதான். ஒரு டிகிரி மாறியதாகவே வைத்துக்கொண்டாலும் 40 லிட்டருக்கு 40 மில்லி. லிட்டர் 2 வெள்ளி என்றால் எட்டுக் காசு. தூங்குங்கள்.

வாசகி கவனிக்க வேண்டிய இடம் அடுப்பு. வடை சுடும் 180 டிகிரியில் அந்த ஒரு கிலோ எண்ணெய் 1.2 லிட்டரைத் தாண்டிவிடும். போதாததற்கு, மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி நுரைத்துப் பொங்கும். பாக்கெட்டைப் பிரித்து ஊற்றும்போதே சட்டியில் பாதிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.