தொட்டியில் படரும் பாசி

பெரம்பூரை அடுத்துள்ள கொளத்தூர், வண்ண மீன்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள குடும்பங்கள் பல, சிமெண்டுத் தொட்டிகளில் மீன் வளர்த்து விற்பதையே பிழைப்பாகக் கொண்டுள்ளன. அவ்விடத்திலிருந்து கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல் எனப் பலவகை மீன்களை வாங்கி வந்து, ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பிள்ளைகள் மகிழ்கின்றனர். சில வாரங்களுக்குள் கண்ணாடியெங்கும் பச்சைப் பாசி படர்ந்துவிடுகிறது. உடனே சிலர் தொட்டியைக் கவிழ்த்துச் சோப்பிட்டுக் கழுவுகின்றனர். சிலர் பாசி மருந்தை ஊற்றுகின்றனர். பின்னர் மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டு பிள்ளைகள் கண் கலங்குகின்றனர்.

இத்துன்பம் நேராமல் தடுக்க இயலுமா? இயலும். பாசி எதனால் வளர்கிறது என்பதை முதலில் அறிவோம். அதற்குத் தேவையானவை இரண்டு: ஒளி, உரம். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகின்றன. கூழாங்கற்களிலும் வடிகட்டும் பஞ்சிலும் வாழும் நுண்ணுயிர்கள் அந்நஞ்சை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அதுவே பாசிக்கு உரம். சோப்பிட்டுக் கழுவினால் அந்நுண்ணுயிர்கள் அழிகின்றன. அம்மோனியா பெருகி மீன்கள் மடிகின்றன. மருந்தினாலோ பாசி ஒரேயடியாக மடிந்து அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்துவிடுகிறது. செம்பு கலந்த மருந்து, அளவு மிஞ்சினால் மீனுக்கே நஞ்சாகும்.

இதற்கு நல்வழி காட்டியவர் இலண்டன் இரசாயன அறிஞர் இராபர்ட் வாரிங்டன். தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் அவர் ஒரே கலத்தில் வளர்த்தார். இலைகள் அழுகி, பச்சை வழுவழுப்பு படர்ந்தது. அவர் மருந்தை நாடவில்லை. சில நீர் நத்தைகளை விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. இம்முடிவை அவர் 1850-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

நம் இல்லங்களில் செய்ய வேண்டியவையும் எளியவையே. தொட்டியைச் சன்னல் வெயிலில் வைக்கலாகாது. விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். 2 அல்லது 3 நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீனி இட வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுதல் நன்று. குழாய் நீராயின், குளோரின் நீங்க ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றலாம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற செடிகளை நட்டால், பாசிக்குரிய உரத்தை அவை உண்டுவிடும்.

பாசி தின்னும் என்று கூறிச் சக்கர் மீனை வாங்குவோர் பலர். அது ஓரடிக்கு மேலும் வளரும். வளர வளரப் பாசியைவிடத் தீனியையே விரும்பும். அதன் கழிவும் மிகுதி. இடம் போதாமல் போனதும் அதை ஏரியில் விடுவது பெருந்தவறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அம்மீன், இன்று தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் கேடு விளைவிக்கிறது.

மெல்லிய பாசி தீங்கன்று. மோலி மீன்கள் அதை விரும்பிக் கொறிக்கும். அது அடர்ந்து படர்ந்தால், ஒளியோ தீனியோ மிஞ்சிவிட்டதென்று பொருள். பெற்றோரே, தீனியிடும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஆனால் அளவையும் கற்றுக் கொடுங்கள். அன்பு மிகுந்து அள்ளி இடும் தீனியைவிட, அளவறிந்து இடும் ஒரு சிட்டிகையே மீன்களை வாழ வைக்கும்.